வினையைக் கண்டுகொண்டால் வாக்கியம் பிடிபடும்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நமக்கு இங்கிலீஷ் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஒரே ஒரு கேள்வி கேட்டாலே போதும்: "இந்த வாக்கியத்தில் வினைச்சொல் எது?"

தமிழில் சொற்கள் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. மதரஸாவில் நம் பிள்ளைகள் ஓதும் அரபு இலக்கணத்தில் மூன்று: இஸ்ம், ஃபிஅல், ஹர்ஃப். பள்ளியில் கற்கும் ஆங்கில இலக்கணத்தில் எட்டு. எண்ணிக்கை எதுவானாலும் மூன்று மொழியிலும் வினைக்குத் தனி இடம் உண்டு. தமிழில் அது பெரும்பாலும் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் எழுவாயை அடுத்து வரும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றச் சொல்லுங்கள். மாறுகிற சொல்தான் வினை. 'ஷீ வாட்டர்ஸ் தி பிளான்ட்ஸ்' என்பதில் 'வாட்டர்ஸ்' 'வாட்டர்ட்' ஆகும். தண்ணீரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே இங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் குறிக்கும் வினையாக நிற்கிறது. 'ஹிஸ் வொர்க் இஸ் ஹார்ட்' என்பதில் 'வொர்க்' மாறாது. 'இஸ்'தான் 'வாஸ்' ஆகும். இங்கே 'வொர்க்' பெயர், 'இஸ்' வினை. ஆக, ஒரு சொல்லைத் தனியே பார்த்து வகை சொல்லக் கூடாது. வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த 'இஸ்'ஸில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'அவர் டாக்டர்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது. அரபியிலும் நிகழ்காலத்தில் அப்படியே. அந்தப் பழக்கத்தில் 'ஹீ டாக்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் எ டாக்டர்' என்று வினை வந்தே ஆக வேண்டும்.

இது மதிப்பெண்ணோடு நிற்கும் விஷயமல்ல. வளைகுடா வேலைக்கான ஒப்பந்தத்தில் 'தி கம்பெனி ஷல் ப்ரொவைட் ஃபுட்' என்றிருந்தால், சாப்பாடு தருவதைக் கம்பெனி தன் கடமையாக ஏற்கிறது. 'மே ப்ரொவைட்' என்றிருந்தால் தரலாம், தராமலும் இருக்கலாம். வேறுபாடு ஒரு துணைவினையில் இருக்கிறது. கையெழுத்திடும் முன் அதைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்க வேண்டாமா?

இன்றிரவே பாடப் புத்தகத்தில் ஐந்து வாக்கியங்களை எடுத்து, பிள்ளையை நேற்றைக்கு மாற்றச் சொல்வோம். "எந்தச் சொல் மாறியது?" என்று கேட்பதற்கு நமக்கு ஆங்கிலம் தேவையில்லை; பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.