மூடுபனியும் சிறு விமானமும்



சிறு விமானங்களைத் தாமே அமைத்துப் பறந்தவர், நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). அத்தகைய விமானத்துக்கு நமது நுவரெலியா மூடுபனி பொல்லாத பகை. கார்புரேட்டரில் பெற்றோல் ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. 20 பாகை வெப்பமுள்ள நாளிலும், ஈரம் மிகுந்தால் உள்ளே பனிக்கட்டி படிந்து இஞ்சினின் மூச்சை அடைத்துவிடும். தரையிறங்கிய பின் மெக்கானிக் கழற்றிப் பார்த்தால் ஒன்றுமே இராது; கட்டி உருகிப் போயிருக்கும். பாவம், பழி விமானியின் தலையில்!

ஆகவேதான் புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விட ஒரு பிடி வைக்கிறார்கள். மழைக்காலத்தில் கொழுந்து வாட்ட நாம் சூட்டுக் காற்று விடுகிறோமே, ஏறக்குறைய அதே வித்தைதான். பிடியை இழுத்ததும் இஞ்சின் முதலில் திணறும். உருகிய நீர் உள்ளே போவதே காரணம். புதியவர் பயந்து பிடியைத் திரும்பத் தள்ளிவிடுவார். அங்கேதான் ஆபத்து. சற்றுப் பொறுத்தால் ஓட்டம் சீராகிவிடும்.