தொடையில் ஒரு முத்திரை

சென்னை பெரம்பூர், சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டிகளில் ஆட்டை அறுக்கும் முன்பே பரிசோதனை தொடங்கிவிடும். நடை, மூச்சு, காய்ச்சல் பார்ப்பார்கள். அறுத்தபின் நுரையீரலையும் ஈரலையும் நிணநீர்க் கணுக்களையும் தடவியும் கீறியும் பார்ப்பார்கள்.

ஈரலில் சிலசமயம் நீர் நிறைந்த கட்டி இருக்கும். நாடாப்புழு ஒன்றின் இளம்பருவம் அது. அதைத் தின்றால் நமக்கு நேராக நோய் வராது; தெருநாய் தின்றால்தான் ஆபத்து! நாயின் குடலில் புழு வளரும். மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கைவழியே, கழுவாத கீரைவழியே நம் வயிற்றுக்குள் போகும். அப்புறம் நம் ஈரலிலேயே கட்டி வளரும். அதனால் கழித்த உறுப்பு நாய்க்கு எட்டவே கூடாது. எவ்வளவு பொறுப்பான வேலை!

தேறிய கறியில், பெரும்பாலும் தொடையில், முத்திரை குத்துவார்கள். வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.