கும்பளங்கி வழியாக

கொச்சிக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடுகின்றனர். அரண்மனைச் சுவரோவியங்களையும் யூதர்களின் தொழுகைக் கூடத்தையும் கண்டு, மிளகும் சுக்கும் மணக்கும் தெருக்களில் உலவி, சீனவலைகளின் அருகே நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால் கொச்சி முடிந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அப்படித்தான் முடிந்திருக்கும். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மட்டாஞ்சேரியிலிருந்து ஆலப்புழைக்குப் புறப்பட்டேன். அரூரிலிருந்து துறவூர் வரை உயர்மட்டச் சாலை அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்த காலம் அது. நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை என்று தொலைபேசியில் கேட்டறிந்த ஓட்டுநர், "சார், கும்பளங்கி வழியே போய்விடலாம், கொஞ்சம் சுற்று, ஆனால் காற்று வரும்" என்று சொல்லி, பள்ளுருத்திக்கு அப்பால் பெரும்படப்புச் சாலையில் வண்டியைத் திருப்பினார்.

பாலத்தைக் கடந்ததும் உலகம் மாறிவிட்டது. இருபுறமும் காயல். நீருக்கும் சாலைக்கும் இடையே தென்னை. தென்னைக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு விசித்திரமான வயல். நெல் என்றால் இடுப்பளவு நிற்கும் பயிரையே கண்டு பழகியவன் நான். இங்கோ ஆள் உயரம் வளர்ந்த தாள்கள், தம் பாரம் தாங்காது நீரில் சாய்ந்து, கதிர்களை மட்டும் தலைதூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. வயல் முழுதும் நீர். அந்நீரைத் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரித்தது.

கும்பளங்கி என்ற பெயரை 2019-இல் வெளிவந்த ஒரு மலையாளத் திரைப்படத்தின் வாயிலாகப் பலர் அறிந்திருக்கலாம். கோடை இரவுகளில் காயல் நீர் நீல ஒளியாய்ச் சுடர்வதை அதில் காட்டியிருந்தார்கள். அங்குள்ளோர் அதைக் 'கவரு' என்கின்றனர். நுண்ணுயிர்களின் வேலை அது. ஆனால் அவ்வொளியினும் எனக்கு வியப்பளித்தது இந்த நெல்தான். இதற்குப் பொக்காளி என்று பெயர். மலையாளத்தில் பொக்கம் என்றால் உயரம்.

இதன் சாகுபடி முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதத்தில் விஷு கழிந்ததும் வரப்பை உயர்த்தி, மதகை அடைத்து, வயலை உலரவிடுவார்கள். காய்ந்த மண்ணை வெட்டிச் சிறுசிறு மேடுகளாகக் குவிப்பார்கள். ஜூன் மாதத்துப் பெருமழை அம்மேடுகளின் உப்பைக் கழுவி இறக்கிவிடும். பிறகு முளைகட்டிய விதையை மேட்டின்மேல் விதைக்கின்றனர். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, நாற்றோடு கூடிய அம்மேட்டை மண்வெட்டியால் துண்டுதுண்டாக வெட்டி வயலெங்கும் பரப்பிவிடுகின்றனர். நாற்று பறித்து நடுவது என்பது இல்லை. உரமில்லை, பூச்சி மருந்தும் இல்லை. நீலத் தாழைக்கோழி என்னும் பறவை ஒன்றுதான் பெரும் பகை.

அறுவடையின்போது கதிரை மட்டும் அறுத்துத் தோணியில் ஏற்றுவார்கள். தாள் நீரிலேயே நின்று அழுகும். நவம்பர் மாதத்தில் மதகு திறக்கப்படுகிறது. ஏற்றத்தின் நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. மதகின் வாயில் இரவில் விளக்கொன்று தொங்கவிடுவதும் உண்டு. அழுகிய தாளே அவற்றுக்கு உணவு. இறாலின் கழிவு அடுத்த ஆண்டு நெல்லுக்கு எரு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றத்தின்போது மதகில் வலை கட்டிப் பிடிக்கின்றனர். ஏப்ரல் நடுவில் குத்தகை முடிந்ததும் ஊரார் அனைவரும் வயலில் இறங்கி எஞ்சிய மீனைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. மருதத்தையும் நெய்தலையும் வேறு வேறு நிலமாகப் பிரித்து வைத்தார் நம் இலக்கண ஆசிரியர்; இங்கே அவை ஒரே வயலில் ஆறு மாதத்துக்கொருமுறை இடம் மாறிக்கொள்கின்றன.

சாலையோரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இடுப்பளவு சேற்றில் ஐந்தாறு பெண்கள் அறுத்துக்கொண்டிருந்தனர். அறுபதுக்குக் குறையாத வயது, எல்லாருக்கும். ஒருவர் கரையேறி வந்தார். "சேச்சி, இயந்திரம் வைத்து அறுக்கக்கூடாதா?" என்று கேட்டேன். "இயந்திரம் இறங்கினால் இயந்திரத்தை ஏற்ற ஆள் வேண்டும், சாரே" என்று சிரித்தார். இளையவர்கள் ஒருவரும் இவ்வேலைக்கு வருவதில்லையாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற பகுதியுண்டு. அங்கே ஆமிஷ் எனப்படும் கிறிஸ்தவக் குடியானவர்கள் இன்றும் குதிரை பூட்டி உழுகின்றனர். குதிரை வண்டியில் செல்கின்றனர். வழிதவறி அப்பக்கம் நுழையும் பயணிகள் அவர்களைக் கண்டு வியப்பது வழக்கம். அவர்கள் இயந்திரத்தை மறுப்பது சமய ஒழுக்கத்தால். கும்பளங்கியில் மறுப்பது சேறு. ஆனால் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு புதுக் கருவியைக் கொள்வதா தள்ளுவதா என்பதை ஆமிஷ் மக்கள் தனித்தனியே முடிவு செய்வதில்லை. சபையாகவே முடிவு செய்கின்றனர். பொக்காளி வயலுக்கும் அத்தகைய கூட்டு முடிவு இன்றியமையாதது. ஒரே வரப்புக்குள் அடங்கிய வயல்தொகுதியைப் பாடசேகரம் என்பர். அதற்கு நீர் ஒன்று, மதகு ஒன்று. என் வயலில் நெல், உன் வயலில் இறால் என்று பிரித்துக்கொள்ள இயலாது.

தகராறு இங்கேதான் பிறக்கிறது. இறாலுக்கு வருவாய் மிகுதி. நெல்லுக்கோ கூலியும் கட்டுவதில்லை. ஆகவே ஆண்டு முழுவதும் உப்புநீரையே நிறுத்திவைக்க நில உரிமையாளர் பலர் விரும்புகின்றனர். 'ஒரு நெல், ஒரு மீன்' என்பதே அரசின் கொள்கை. இருந்தும் ஒருகாலத்தில் எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் சுமார் 25,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் இச்சாகுபடி இன்று அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. உரிமையாளரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. நட்டத்துக்கு உழ எவரும் முன்வரார். எனினும் வயலை ஒட்டிக் குடியிருப்போரின் பாட்டையும் கேட்க வேண்டும். மழைக்காலத்திலும் உப்புநீர் வடியாது நின்றால் அது அவர்கள் வீட்டுச் சுவரில் ஏறுகிறது, பூச்சு உதிர்கிறது, கிணறு கெடுகிறது. கரையேறி வந்த அந்தச் சேச்சி, எதிரே தெரிந்த தம் வீட்டைக் காட்டினார். தரையிலிருந்து முழங்கால் அளவுக்குச் செங்கல் வெளியே தெரிந்தது. "நெல் வைத்த ஆண்டு இவ்வளவு இல்லை" என்றார்.

இந்நெல்லின் பெருமையை உலகம் அறியாமலில்லை. 1934-இல் வைற்றிலாவில் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இதைப் பேணி வருகிறது. 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிட்டியது. பொக்காளியின் மரபணுத் தொகுதியில் உப்பைத் தாங்கும் ஒரு பகுதியை அறிஞர்கள் கண்டறிந்து, 'சால்ட்டால்' என்று பெயரிட்டு, பிற நாடுகளின் நெல் வகைகளிலும் புகுத்தியிருக்கின்றனர். நம் நாகைக் கடற்கரையிலும் குழியடிச்சான் போன்ற உவர்தாங்கி நெல் வகைகள் இருந்தன என்பதை நேயர்களில் வேளாண்மை அறிந்தோர் நினைவுகூர்வர். கடல் மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் உப்பு நிலத்தில் விளையும் பயிருக்கு மதிப்பு கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியில் விதை பத்திரமாக இருப்பது வேறு. மேடு குவிக்கவும், குவித்த மேட்டைப் பதம் பார்த்து வெட்டவும் தெரிந்த கை இருப்பது வேறு.

"அடுத்த ஆண்டு விதைப்பீர்களா?" என்று சேச்சியிடம் கேட்டேன். விதைக்கென்று தனியே ஒதுக்கிய கதிர்க்கட்டைத் தோணியின் அணியத்தில் நனையாமல் வைத்துக்கொண்டே, "மதகு அடைத்தால் விதைப்போம்" என்றார். அடைப்பவர் யார் என்று கேட்டதற்கு, காயலின் மறுகரையில் இருந்த ஒரு மாடி வீட்டைக் காட்டிவிட்டு மறுபடி சேற்றில் இறங்கிவிட்டார்.