ரஸியா சுல்தானாவும் நகைப் பெட்டியும்

(அறக்கட்டளையின் மகளிர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் நம் பெண்பிள்ளைகள் வரலாற்றுப் பெண்களைப் பற்றி நகைச்சுவை நாடகம் போடுகிறார்கள். சந்தோஷம். நாடகத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாடகத்தில் டெல்லியை ஆண்ட ரஸியா அரியணையில் அமர்ந்து, எந்த நகை தனக்குப் பொருந்தும் என்று அமைச்சரிடம் கேட்கிறார்.

அந்தக் கருவி கிதாபைப் புரட்டிப் பார்த்து இதை எழுதவில்லை. தான் படித்த கோடிக்கணக்கான வரிகளில் எதற்குப் பின் எது அதிகம் வந்ததோ அதைக் கோத்துத் தருகிறது. பெண்களைப் பற்றிய சிரிப்பு என்றால் நகை, சமையல், மாமியார். நம் துணுக்குகள் நெடுங்காலமாகப் போட்ட பாதைதானே!

நடந்த கதையிலேயே சிரிப்பு இருக்கிறது. சுல்தான் இல்துத்மிஷ் மகன்களை விட்டுவிட்டு மகள் ரஸியாவை வாரிசு என்றார். 1236இல் அவர் மௌத்தானதும் அமீர்கள் மகன் ருக்னுத்தீனை உட்காரவைத்தார்கள். அவரோ போதையில் யானைமேல் ஏறி, கடைவீதியில் தங்கக் காசை இறைத்துக்கொண்டு போனார் என்று அக்கால வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் எழுதுகிறார். ஏழு மாதம் நிறையவில்லை, ஆட்சி போயிற்று. பிறகு ரஸியா 1240 வரை ஆண்டார். அரசர்க்குரிய குணம் அத்தனையும் அவரிடம் இருந்ததென்று வரிசையாகச் சொன்ன அதே மின்ஹாஜ், ஆணாகப் பிறக்கவில்லையே, என்ன பயன் என்று முடிக்கிறார். இதை அப்படியே மேடையேற்றினால் போதாதா?

இந்த வித்தை நமக்குப் புதிதும் அல்ல. வங்காளத்துப் பேகம் ருகையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் அச்சானது நம் சென்னையில், 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். அதில் ஆண்கள் வீட்டுக்குள். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், அலுவலக வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். ஆண்களுக்கு ஏன் ஏழு மணி நேரம் ஆயிற்றாம்? தினம் பன்னிரண்டு சுருட்டு, ஒரு சுருட்டுக்கு அரை மணி. கணக்கை ஆண்களே போட்டுக்கொள்ளட்டும். அண்ணனிடம் வீட்டிலேயே ஆங்கிலம் கற்ற அந்த அம்மையார்தான் 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார்.

நம் சிறுமிகள் பலர் ரஸியாவின் பெயரை முதன்முதலில் கேட்கப்போவதே இந்த மேடையில்தான். நகைப் பெட்டியோடு கேட்டால் நகைப் பெட்டியோடுதான் மனதில் நிற்கும்.

ஆகவே நாடகங்களைத் திருப்பித் தருகிறோம். நடந்ததை நீங்கள் சொல்லிக்கொடுத்து, கருவியிடம் வசனம் மட்டும் கேளுங்கள். அது தரும் பெயரையும் ஆண்டையும் நூலகத்தில் சரிபார்த்து, ஓரத்தில் நூலின் பெயரை எழுதி வாருங்கள். ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் படித்துப் பார்ப்போம். தாய்மார்களும் வரலாம்.