பழைய மாதிரி எஞ்சினும் எண்முறைக் கட்டளையும்

மாணவர்களே, மாதிரி ரயிலின் பழைய முறையில் தண்டவாளத்து மின்னழுத்தமே வேகத்தை நிர்ணயிக்கும்; ஆதலின் ஒரே தடத்தில் நிற்கும் எஞ்சின்கள் யாவும் ஒருங்கே ஓடும். 1990-களில் அமெரிக்க மாதிரி ரயில் சங்கம், ஜெர்மானிய லென்ஸ் நிறுவனத்தின் முறையைத் தழுவிப் பொதுத் தரம் வகுத்தது. இதில் கட்டளைகள் எண்களாகத் தண்டவாளத்தின் வழியே செல்லும். எஞ்சினுள் இருக்கும் டிகோடர் தனக்குரியதை மட்டுமே ஏற்று மோட்டாரை இயக்கும்.

பழைய எஞ்சினில்தான் சங்கடம். மோட்டாரின் ஒரு பிரஷ் பெரும்பாலும் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும், சட்டமோ தண்டவாளத்தோடு. அத்தொடர்பை அறுக்காவிடில் டிகோடர் கருகும். அவசரத்தில் நானே ஒன்றைக் கருக்கினேன். ஒரகடம் ஆலையொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர், "ஐயா, மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?" என்றார். வகுப்பில் நான் அவரை ஓயாது கேட்ட கேள்வி அது! அடுத்த எஞ்சினில், மீட்டர் முள் அசையாதது கண்ட பின்னரே கம்பியைப் பற்றவைத்தேன்.