கூடு கட்டும்போதே அடுத்த அறை

கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்க நினைப்பவர்களுக்காக இன்று பேச வந்திருக்கிறேன். ஏற்கெனவே வளர்த்து, "கூடு போதவில்லையே" என்று நிற்பவர்களும் கேட்கலாம்.

முன்பெல்லாம் கிராமத்து வீடுகளில் தனிக் கூடு என்று பெரிதாக இருக்காது. மூங்கிலில் முடைந்த பஞ்சாரம் ஒன்று இருக்கும். பகலில் குஞ்சுகள் மேல் கவிழ்த்து மூட அது போதும். இராத்திரிக்குத் திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து, அதற்கொரு பலகைக் கதவு. இப்போது திண்ணையும் இல்லை, பொந்தும் இல்லை. நாமே மரச்சட்டமும் கம்பிவலையும் வாங்கிக் கூடு அடிக்கிறோம். அப்படி அடிப்பவர்களில் பெரும்பாலோர் கையிலிருக்கும் கோழிகளை எண்ணி அளவு எடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகலெல்லாம் அவிழ்த்துவிட்டு இரவில் மட்டும் அடைக்கிற கோழிக்கு, கூட்டுக்குள் ஒன்றரைச் சதுர அடி இடம் இருந்தால் சமாளிக்கலாம். 5 பெட்டை, 1 சேவல் என்றால் 9 சதுர அடி. நீங்கள் கொஞ்சம் தாராளமாகவே 4 அடிக்கு 3 அடி, ஆக 12 சதுர அடியில் கட்டிவிட்டீர்கள். நல்லது. சில மாதங்களில் இரண்டு பெட்டைகள் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரியும். காகமும் பருந்தும் கொண்டுபோனது போக ஆளுக்கு 8 தேறினால், மொத்தம் 22 உருப்படி. நாலு மாதத்தில் அத்தனையும் கூட்டில் இடம் கேட்கும். 33 சதுர அடி வேண்டும், இருப்பதோ 12.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: கூட்டைப் பிறகு பெரிதாக்குவதற்கான வழியை, முதல் நாளே கட்டிவிட வேண்டும்.

எப்படி? முதலில் திசை. கூட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் பெரும்பாலும் குறுகிய பக்கங்களில்தான் விழும். உள்ளே வெக்கை குறையும். வடக்கும் தெற்கும் கம்பிவலையாக விட்டால் காற்று குறுக்கே ஓடும். இனி எப்போது நீட்டினாலும் நீளவாக்கில்தான் நீட்ட வேண்டும், அகலவாக்கில் கூடாது. அகலம் கூடினால் நடுவில் காற்று தேங்கும், எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும்.

ஆகவே குறுகிய பக்கச் சுவர்களில் ஒன்றை ஆணி அடித்து மூடாதீர்கள். அந்த ஒரு பக்கத்தைக் கம்பிவலைச் சட்டமாகச் செய்து, போல்ட்டு நட்டுப் போட்டு முடுக்கி வையுங்கள். வெயில் படும் பக்கம் என்பதால் இப்போதைக்கு அதன் மேல் ஒரு கீற்றுத் தட்டியைக் கட்டிவிடலாம். கூரைச் சரிவை வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ வையுங்கள். அப்போதுதான் நாளை அடுத்த அறை சேரும்போது அதே சரிவில் ஓட்டையோ கீற்றையோ தொடர்ந்து வேயலாம். இணைப்பில் மழை ஒழுகாது. தகரம் போடுவதானால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் உள்ளே இருப்பது கோழியாக இருக்காது, வறுவலாக இருக்கும்.

கூடு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்து கால்களில் நிற்கட்டும். அடித்தளத்தில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும்; வாரி, காய்ந்த சருகோடு சேர்த்து மக்க வைத்தால் செடிக்கு உரம். பச்சையாகப் போட்டால் வேர் கருகும். அந்த இடைவெளியிலும் பாம்பு, கீரி, மரநாய் நுழையாதபடி அடியில் அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை அடிக்க வேண்டும். பக்கங்களுக்கும் அதே வலைதான். அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியே இருப்பதைத் தடுக்காது.

உள்ளே அமர்வதற்குக் கழி. கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. இருட்டினால் மரக்கிளையில் ஏறி அடையும். அந்தப் பழக்கம் நம் வீட்டுக் கோழியை விட்டுப் போகவில்லை. ஒரு கோழிக்கு 8 அங்குலக் கழி வேண்டும். 4 அடிக் கழியில் 6 கோழி அமரும். இரண்டு கழி வைத்தால் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று உயர்ந்திருந்தால் அதற்காகவே தினமும் சாயங்காலம் அடிதடி நடக்கும். 5 பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். ஓரடிச் சதுரம், உள்ளே வைக்கோல். அதைக் கழியைவிடத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் அதிலேயே படுத்து அசிங்கம் செய்யும்.

இப்போது நீட்டும் நாள் வருகிறது. பலகை வாங்கப் போகுமுன் ஒரு வேலை: சேவல்களை எண்ணுங்கள். பொரித்த குஞ்சில் ஏறக்குறையப் பாதி சேவல். 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மற்றவற்றைத் தீபாவளிக்கோ ஊர்க் கொடைக்கோ முன்னால் விற்றுவிட்டால் கூட்டு நெரிசலில் பெரும்பங்கு அங்கேயே தீரும். முன்பு சொன்ன 22-இல் 8 சேவல் போனால் மீதி 14. அதற்கு 21 சதுர அடி. 4 அடிக்கு 3 அடியில் இன்னொரு அறை சேர்த்தால் மொத்தம் 24. கணக்கு சரியாகிவிட்டது.

கீற்றுத் தட்டியைக் கழற்றி, புது அறையைச் சேர்த்து, கூரையை நீட்டுங்கள். ஆனால் நடுவிலுள்ள வலைச் சட்டத்தை உடனே கழற்றாதீர்கள். 1920-களின் தொடக்கத்தில் நார்வேக்காரரான ஷெல்டெரூப் எப்பே என்பவர் கோழிகளைக் கவனித்து எழுதினார்: கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. புதிதாய் ஒன்று வந்தால் அந்த வரிசை முழுதும் மறுபடி முடிவாக வேண்டும். கொண்டையில் ரத்தம் வழிவது அதனால்தான். இளசுகளைப் புது அறையில் விடுங்கள்; வலை வழியே ஒன்றையொன்று ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்துப் பழகட்டும். பிறகு ஒரு நாள், எல்லாம் கழியில் ஏறி அடைந்த பின், இருட்டில் சட்டத்தைக் கழற்றுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டைக்கு எழாது. மறுநாள் முதல் தீனித்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் அறைக்கு ஒன்றாக இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒரு மூலையில் விரட்டப்பட்டது இன்னொரு மூலையில் தின்னும்.

சந்தையில் வாங்கிய கோழியானால் இந்த வலைக்குப் பக்கத்தில்கூட விடாதீர்கள். 3, 4 வாரம் கொல்லையின் மறுகோடியில் தனியே வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு கோழியோடு உள்ளே வந்தால் சில நாளில் கூடே காலியாகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் முகாம் நடத்திப் போடுகிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அறைக்கு அடுத்து இன்னொன்றும் கட்டலாமா என்று கேட்பீர்கள். அதற்கு விடை கொல்லைத் தரையில் இருக்கிறது. கோழி கிளறிய இடத்தில் மழைக்குப் பிறகு புல் மறுபடி முளைக்கிறதா என்று பாருங்கள். முளைத்தால் இன்னும் இடமுண்டு. தரை மொட்டையாகவே கிடந்தால், இனி கோழியைத்தான் குறைக்க வேண்டும், கூட்டைக் கூட்டக்கூடாது.