வெறுந்தாளில் ஆரம்பிக்க வேண்டாம்

(சாந்தோமில் நடந்த கூட்டமைப்பு ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



செய்யூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து விடியற்காலையில் பஸ் ஏறி சாந்தோம் வந்திருக்கேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். கம்ப்யூட்டர் கணக்கு பற்றிப் பேசச் சொன்னதும் பயந்துட்டேன். ஆனால் எங்க குழு பட்ட பாட்டைச் சொன்னா, மசாலா, ஊறுகாய், கருவாடுன்னு தொழில் செய்யற உங்களுக்கு உதவும்னு வந்தேன்.

எங்க குழுவில் 14 பேர். சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி அரைச்சு கடைகளுக்குப் போடுறோம். வியாபாரம் கூடினதும் கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கலாம்னு முடிவு பண்ணினோம். கல்லூரியில் படிக்கிற என் கொழுந்தனார் மகள்கிட்ட கேட்டு, எக்செல்லில் நாங்களே கட்டம் போட்டோம். விலைப்பட்டியல் ஒரு ஷீட், பில் ஒரு ஷீட். பொருள் பேரைப் போட்டா விலை தானாகவே பட்டியலில் இருந்து வந்து விழும். ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும் அரைக் கிலோ சாம்பார் பொடி 120 ரூபாய்க்கு 60 பாக்கெட் வித்தோம். ஏப்ரலில் மிளகாய் விலை ஏறினதால் பட்டியலில் 140 ரூபாய்னு மாத்தினோம். மே மாதக் கூட்டத்தில் கணக்குப் பார்த்தா, அந்த மூணு மாசத்துக்கு 8,400 ரூபாய் வந்திருக்கணும்னு கம்ப்யூட்டர் காட்டுது. கையில் வந்தது 7,200. இடையில் 1,200 ரூபாய் துண்டு விழுது.

பணம் வாங்கிவெச்ச அக்காவை எல்லாரும் பார்த்தோம். யாரும் வாய் திறந்து கேட்கலை. ஆனா அந்தப் பார்வையே போதுமே. அந்த அக்கா அன்னிக்கு டீ கூடக் குடிக்காம எழுந்து போயிட்டாங்க. நானும் அப்படிப் பார்த்தவள்தான். இன்னிக்கும் அதை நினைச்சா கூச்சமா இருக்கு.

அவங்க மானத்தைக் காப்பாத்தினது கையால் எழுதின பில் புத்தகம். கார்பன் பிரதியில் எல்லாப் பில்லிலும் 120 ரூபாய்னே இருந்துச்சு. அப்போதான் புரிஞ்சுது. புது விலை போட்டதும், பழைய பில்லெல்லாம் தானா 140-ன்னு மாறியிருக்கு. தப்பு அக்கா மேல இல்லை, நாங்க போட்ட கட்டத்து மேல.

கொழுந்தனார் மகள் சொன்னாள்: "பெரியம்மா, நாம வெறுந்தாளில் ஆரம்பிச்சதுதான் தப்பு. வியாபாரக் கணக்குக்கு ஏற்கனவே செஞ்சு பார்த்த மாதிரி இருக்கு. அதை எடுத்து நமக்கு ஏத்தபடி மாத்திக்கலாம்." மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்கிற மென்பொருளோட பழகுறதுக்காகக் கொடுத்த 'நார்த்விண்ட்' என்கிற மாதிரியைக் காட்டினாள். உணவுப் பொருள் வாங்கி விக்கிற ஒரு கற்பனைக் கம்பெனியோட கணக்கு அது. அதில் முதல் பொருளே 'சாய்', நம்ம டீதான்! வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டர் விவரம், பொருள், பொருள் வகை, சப்ளையர், ஊழியர், சரக்கு அனுப்புறவர்னு எட்டு அட்டவணை.

அதில் விலை இரண்டு இடத்தில் இருந்துச்சு. பொருள் அட்டவணையில் இருக்கிறது இன்றைய விலை. ஆர்டர் விவரத்தில் இருக்கிறது வித்த அன்னிக்குப் போட்ட விலை. பட்டியலில் விலையை மாத்தினாலும் பழைய ஆர்டர் அசையாது. எங்களை அழ வெச்ச சிக்கலுக்கு யாரோ எப்பவோ வழி செஞ்சு வெச்சிருக்காங்க!

ஆனா அப்படியே எடுத்துக்கலை. சரக்கு அனுப்புறவர் எங்களுக்கு வேண்டாம், நாங்களே கொண்டுபோய்ப் போடுறோம். அதை எடுத்துட்டோம். கடைக்காரர் இன்னிக்குப் பாதி, அடுத்த வாரம் மீதின்னு தருவார். அதை எழுத அந்த மாதிரியில் இடம் இல்லை. அதனால் 'வசூல்'னு ஓர் அட்டவணை சேர்த்தோம். யார் எத்தனை நாள் அரைச்சாங்கன்னு 'வேலை நாள்' அட்டவணையும் சேர்த்தோம். எங்க குழுவில் ஒரே பேரில் இரண்டு பேர் இருக்காங்க. அதனால் ஒவ்வொருத்தருக்கும் ஓர் எண் கொடுத்தோம்.

யோசிச்சுப் பார்த்தா இது நமக்குப் புதுசு இல்லை அக்கா. 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, 1997-98-ல் மகளிர் திட்டமாக விரிஞ்ச குழுக்கள்ல, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடுன்னு வெச்சுத்தான் நாம கணக்குப் பழகினோம். கட்டத்தை நாமளா கண்டுபிடிச்சோம்? தயாரா வந்த கட்டத்தில் எழுதினோம். அதனால்தான் வேற ஊர் கணக்காளர் வந்தாலும் நம்ம நோட்டைப் பிரிச்சதும் புரிஞ்சுக்கறாங்க. கம்ப்யூட்டர் மாதிரியும் அதே போலத்தான்.

தொழில் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏத்த நினைக்கிறவங்களுக்கு நாலு வார்த்தை. முதல்ல, நாம யார்கிட்ட வாங்குறோம், யாருக்கு விக்கிறோம், பணம் எப்படி வருதுன்னு பேசற தமிழிலேயே ஒரு தாளில் எழுதுங்க. ரெண்டாவது, ஆக்சஸ், எக்செல் ரெண்டிலும் தயார் மாதிரிகள் இருக்கு. நம்ம தொழிலுக்குக் கிட்ட வர்றதை வீட்டுப் பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்க. மூணாவது, போன மாசத்துப் பத்துப் பில்லை அதில் ஏத்திப் பாருங்க. விலை ஏறினா என்ன ஆகும், சரக்கு திரும்பினா என்ன ஆகும், பாதிப் பணம் வந்தா எங்கே எழுதறதுன்னு கேளுங்க. இடம் இல்லைன்னா சேர்த்துக்குங்க. நாலாவது, கை பில் புத்தகத்தை மட்டும் விட்டுடாதீங்க.

அடுத்த கூட்டத்தில் அந்த அக்காகிட்ட எல்லாரும் மன்னிப்புக் கேட்டோம். "கணக்கு சரியாச்சே, அது போதும்"னு சொன்னாங்க. இன்னிக்கும் பணப்பெட்டிச் சாவி அவங்ககிட்டதான் இருக்கு.

கணக்கு தப்பா இருந்தா காசு மட்டுமா போகுது? கூட உட்கார்ந்தவங்க மேல இருந்த நம்பிக்கையும் போயிடுது. அதைக் காப்பாத்தத்தான் இவ்வளவும்.